ஸ்கேல் வைத்து அடித்த ஆறு பதில்கள்

மாஸ்டர்: காத்துன்னே எழுதிடுங்க டீச்சர். காத்தைக் கூப்பிட்டு யாரும் விசாரிக்கப் போறதில்ல.

டீச்சர்: எந்தக் காத்து மாஸ்டர்?

மாஸ்டர்: ஜன்னல் காத்துதான். காலைல பரீட்சை நடந்துச்சு, காத்து அடிச்சுது, சுவத்துல இருக்கற வார்த்தை அட்டையை மறைக்க நீங்க ஒட்டியிருந்த காக்கித்தாள் கீழ விழுந்துடுச்சு. மூணு வரியில முடிஞ்சுது.

டீச்சர்: என் வகுப்பறையில ஜன்னல் திறக்காது. பெயின்ட் அடிச்சப்போ ஒட்டிக்கிட்டது... ரெண்டு வருஷமா நான்தான் அதுக்குள்ள வேகறேன்.

மாஸ்டர்: அப்ப ஃபேன் காத்து.

டீச்சர்: ஃபேன் போட்டா விடைத்தாள் பறக்குதுன்னு நீங்களே அணைச்சுட்டீங்களாம். வெல்டர் சொன்னாரு. வேர்வையிலேயே பரீட்சை எழுதினாராம்.

மாஸ்டர்: வெல்டருக்கு வேர்வை என்ன புதுசா...

டீச்சர்: மாஸ்டர்.

மாஸ்டர்: சரி சரி. நீங்க என்னதான் எழுதப் போறீங்க?

டீச்சர்: நடந்ததை. நாலு மணிக்கு இந்த அறிக்கை முதல்வர் கையில இருக்கணும். பரீட்சை வாரியத்து ஆள் அவர் ரூம்லயே உக்காந்திருக்கார். பரீட்சை முடிய பத்து நிமிஷம் இருக்கறப்போ எட்டிப் பாத்திருக்கார். சுவர் முழுக்க வார்த்தை அட்டை, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அர்த்தம். எதிர்ல பன்னண்டு பேர் அதே வார்த்தைக்கு அர்த்தம் எழுதிக்கிட்டு இருக்காங்க. என்ன நினைப்பார்?

மாஸ்டர்: அவர் எப்பவுமே தப்பாத்தான் நினைப்பார். மூஞ்சியைப் பாத்தாலே தெரியல...

டீச்சர்: காரணம் திருப்தியா இல்லைன்னா அந்த அறைக்கே பரீட்சை ரத்து. டிப்ளமோல சேர அடுத்த பரீட்சை ஒரு வருஷம் கழிச்சு.

மாஸ்டர்: ஒரு வருஷமா?

டீச்சர்: லாரி டிரைவருக்கு அதுக்குள்ள வயசு வரம்பு தாண்டிடும். ஆஸ்பத்திரியில நர்சுக்கு உதவியா இருக்கற பொண்ணு, இந்த வருஷம் சேந்துடுவேன்னு சொல்லித்தான் வேலையைக் காப்பாத்தி வச்சிருக்கு. அப்புறம் துணி ஆலையில சட்டைக்குத் தரம் பாக்கறவங்க ஒருத்தங்க... பத்து வருஷமா நின்னுக்கிட்டே வேலை. "டிப்ளமோ இருந்தா உக்காந்து பாக்கலாம் டீச்சர்"னு ஒரு நாள் சொன்னாங்க. ஒரு நாற்காலிக்காகப் படிக்க வந்த ஆளை அன்னைக்குத்தான் பாத்தேன்.

மாஸ்டர்: ம்.

டீச்சர்: என்ன ம்?

மாஸ்டர்: ஒண்ணுமில்ல. கால் வலிக்கும் இல்ல... அதைச் சொன்னேன்.

டீச்சர்: பஸ்ல சண்டை போடற அளவுக்கு இங்கிலீஷ் அந்தப் பன்னண்டு பேருக்கும் வரும். புத்தகத்துல வர்ற இங்கிலீஷ்தான் ஆகாது. எவிடன்ஸ், அஸம்ப்ஷன், கன்க்லூட்... பாடம் நடத்தறவர் இந்த மாதிரி வார்த்தையை அள்ளி வீசினா, நேத்து வரைக்கும் நல்லாப் பேசிக்கிட்டு இருந்த ஆள் ஊமையாயிடறாங்க. அதுக்குத்தான் என் வகுப்பு. பத்து வாரம் வேலை முடிஞ்சு, குளிச்சும் குளிக்காம ஓடி வந்தாங்க.

மாஸ்டர்: எனக்கும் அந்த வார்த்தைகளுக்கும் எட்டாம் பொருத்தம். வட்டம், சதுரம், கோணம்... என் வண்டி அதுலயே ஓடிடுது. டிராயிங் மாஸ்டருக்கு அஸம்ப்ஷன் எதுக்கு?

டீச்சர்: எதுக்குன்னு போகப் போகத் தெரியும். இப்போ தாளுக்கு வருவோம். காக்கித்தாளை எப்படி ஒட்டினேன் தெரியுமா?

மாஸ்டர்: எப்படி?

டீச்சர்: நாலு பக்கமும் டேப். ஒரு பக்கத்துக்கு ஆறு துண்டு. உங்க பரீட்சை ஹால்ல குழாய் உடைஞ்சு தண்ணி நிக்குது, என் வகுப்பறையில நடத்திக்கறோம்னு காலைல எட்டு மணிக்குத்தான் சொன்னாங்க. அவசர அவசரமா ஒட்டினேன். ஆனா விழற மாதிரி ஒட்டல.

மாஸ்டர்: டேப் இப்பல்லாம் எங்க சரியா வருது...

டீச்சர்: சரி, விழுந்துடுச்சுன்னே வச்சுப்போம். விழுந்த தாள் எட்டா மடிச்சு அலமாரி மேல இருந்துச்சு. ஓரத்தோட ஓரம், முனையோட முனை. இந்தக் கட்டடத்துல அப்படி மடிக்கிற காத்து ஒண்ணே ஒண்ணுதான் மாஸ்டர்... எதிர்ல உக்காந்திருக்கு. கைக்குட்டையையே ஸ்கேல் வச்சு மடிக்கிற ஆளாச்சே நீங்க.

மாஸ்டர்: கிண்டலுக்கு இதுவா நேரம்?

டீச்சர்: போனை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கறீங்க? இது அஞ்சாவது தடவை.

மாஸ்டர்: வீட்டுக்குத்தான். தண்ணி மோட்டார் போட்டுட்டு வந்தேனான்னு ஒரு சந்தேகம். எடுக்க மாட்டேங்கறா.

டீச்சர்: காலைல போட்ட மோட்டாரா? இந்நேரம் தெருவே மிதந்திருக்கும்.

மாஸ்டர்: அதான்... அதான் பயம்.

டீச்சர்: மாஸ்டர், மென்னு முழுங்காதீங்க. தாளை எடுத்தது நீங்கதானே?

மாஸ்டர்: ...ஆமா.

டீச்சர்: எப்போ?

மாஸ்டர்: ஆரம்பிச்சு ஒரு அரை மணி கழிச்சு. ஆனா கெட்ட எண்ணம் இல்ல டீச்சர். பாக்கப் பாவமா இருந்துச்சு. ஆளாளுக்குப் பேனாவைக் கடிச்சுக்கிட்டு... சம்பாதிச்சு வீட்டைக் காப்பாத்தற ஆளுங்க, சின்னப் பிள்ளைங்க மாதிரி முழிக்கறாங்க. பொறுக்கல. எல்லாரும் பாத்து எழுதிட்டுப் போகட்டும்னு எடுத்தேன்.

டீச்சர்: எல்லாரும்?

மாஸ்டர்: எல்லாரும்தான். சுவர் என்ன, ஒருத்தருக்கு மட்டுமா தெரியும்?

டீச்சர்: இருபது வருஷமா பரீட்சை மேற்பார்வை பாக்கறீங்க. ஒரு தடவை ஒரு பையன் அழி ரப்பர் கடன் கேட்டதுக்கு வெளிய நிறுத்தினீங்க. உங்களுக்கா திடீர்னு ஈரம் சுரந்துச்சு?

மாஸ்டர்: வயசாகுது இல்ல...

டீச்சர்: எடுத்ததும் என்ன பண்ணாங்க?

மாஸ்டர்: யாரு?

டீச்சர்: எழுதிக்கிட்டு இருந்தவங்க.

மாஸ்டர்: அதான் வேடிக்கை. லாரி டிரைவர் சுவரைப் பாத்தார், குனிஞ்சு சிரிச்சார். நர்சுப் பொண்ணும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சுது. வெல்டர் தோள் குலுங்குது. சந்தோஷம் போலன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அப்புறம் ஒருத்தரும் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பல. அது எனக்குப் புரியவே இல்ல டீச்சர். விளக்கைக் கையில குடுத்தா அணைச்சுட்டு நடக்கறாங்க.

டீச்சர்: அது விளக்கு இல்ல மாஸ்டர்.

மாஸ்டர்: என்ன சொல்றீங்க?

டீச்சர்: நானும் ஒண்ணை மறைச்சுட்டேன். முதல்வர்கிட்ட இன்னும் சொல்லல. சுவத்துல இருந்தது தப்பு.

மாஸ்டர்: எது தப்பு?

டீச்சர்: ஆறு வார்த்தைக்கு அர்த்தம் தப்பு. வாரா வாரம் புதன்கிழமை வகுப்பு முடிஞ்சதும் மூணு ஜோடி அட்டையை மாத்தி வச்சுட்டுப் போவேன். இதோட அர்த்தம் அதுக்கு, அதோட அர்த்தம் இதுக்கு. வியாழக்கிழமை வந்ததும் எங்க தப்புன்னு அவங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சவங்களே ஏறித் திருத்தணும்.

மாஸ்டர்: வேணும்னே தப்பாவா வைப்பீங்க?

டீச்சர்: சுவத்துல எழுதியிருக்குன்னு எதையும் நம்பக் கூடாது, அதுக்குத்தான். காலேஜுல போய் உக்காந்தா, எதிர்ல நிக்கறவர் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுட்டு வந்துடுவாங்க. "இது சரியா"ன்னு ஒரு நிமிஷம் நிக்கற பழக்கம் வரணும். வகுப்புல அதுக்கு ஒரு பேரே வச்சுட்டாங்க... "இன்னைக்குச் சுவர் பொய் சொல்ற நாள்."

மாஸ்டர்: இன்னைக்கு...

டீச்சர்: வியாழக்கிழமை. காக்கித்தாள் மூடத்தானே போகுதுன்னு நான் திருத்தாம விட்டுட்டேன். என் சோம்பேறித்தனம். நீங்க எட்டா மடிச்சு அலமாரி மேல வைப்பீங்கன்னு நான் கனவா கண்டேன்?

மாஸ்டர்: அப்ப அவங்க சிரிச்சது...

டீச்சர்: சுவரைப் பாத்துச் சிரிச்சாங்க. எங்க பொய்னு பாத்ததும் தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் எதுக்கு அந்தப் பக்கம் திரும்பணும்?

மாஸ்டர்: அட... அப்ப நல்லதாப் போச்சு டீச்சர். சுவர் தப்பு, பேப்பர் சரின்னா யாரும் காப்பி அடிக்கலன்னு ஆச்சே. அதையே எழுதுங்க. என்னைக் கொஞ்சம் திட்டுவாங்க, உங்களைக் கொஞ்சம் திட்டுவாங்க, கதை முடிஞ்சுது. நான் இங்க என்னென்னவோ நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்...

டீச்சர்: அதைத்தான் எழுதியிருக்கேன். வாரியத்து ஆள் விடைத்தாளோட நகல் குடுத்தார். பேர் இல்ல, நம்பர் மட்டும். மாத்தி வச்ச அந்த ஆறு வார்த்தையை மட்டும் ஒவ்வொரு தாள்லயும் எடுத்துப் பாத்தேன். ஒருத்தர் நாலு சரி, ஒருத்தர் அஞ்சு சரி, ரெண்டு பேர் தெரியாம விட்டிருக்காங்க. ஆனா சுவத்துல இருந்த பொய்யை யாரும் எழுதல. பதினொரு பேர் எழுதல.

மாஸ்டர்: பதினொண்ணா?

டீச்சர்: பதினொண்ணு.

மாஸ்டர்: எழுதினது பன்னண்டு பேர் ஆச்சே.

டீச்சர்: அதான்.

ஆபீஸ் அக்கா: டீச்சர், உள்ள வரலாமா? முதல்வர் மூணாவது தடவை கேட்டுட்டார். அந்த வாரியத்து ஆள் கடிகாரத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறார், எனக்கே தப்புப் பண்ண மாதிரி இருக்கு.

டீச்சர்: கால் மணியில தரேன்னு சொல்லுங்க அக்கா.

ஆபீஸ் அக்கா: சொல்றேன். இந்தாங்க மாஸ்டர், உங்க இரும்பு ஸ்கேல். உங்க பேரைக் கீறி வச்சிருக்கீங்களே, அதான் நேரா கொண்டு வந்தேன். பரீட்சை அறையைக் கூட்டறப்போ கடைசி மேசைக்கு அடியில கிடந்துச்சு.

மாஸ்டர்: ம்... அங்க வச்சுட்டுப் போங்க.

ஆபீஸ் அக்கா: கட்டின மனைவியைக் கூட மறந்துட்டுப் போவீங்க, இதை மறக்க மாட்டீங்களே. என்ன ஆச்சு இன்னைக்கு?

மாஸ்டர்: அக்கா, முதல்வர் காத்துக்கிட்டு இருக்கார்.

ஆபீஸ் அக்கா: சிரிப்புக்குச் சொன்னா ஏன் மூஞ்சி சுண்டுது... வரேன் டீச்சர். கால் மணிதான்.

டீச்சர்: கதவைச் சாத்திட்டுப் போங்க அக்கா. மாஸ்டர், வினாத்தாள் கட்டுல சீல் பிரிக்கத்தானே ஸ்கேல் எடுத்துட்டுப் போனீங்க?

மாஸ்டர்: ஆமா.

டீச்சர்: சீல் பிரிச்சது முன் மேசையில. ஸ்கேல் கிடந்தது கடைசி மேசையில.

மாஸ்டர்: நடந்துக்கிட்டே இருந்தேன்... எங்கயோ வச்சிருப்பேன். அந்தப் பன்னண்டாவது பேப்பர்ல என்ன?

டீச்சர்: ஆறு வார்த்தைக்கும் சுவத்துல இருந்த தப்பான அர்த்தம். வரிக்கு வரி அப்படியே.

மாஸ்டர்: ஆறுமா?

டீச்சர்: ஆறும். இருபதுல பதினஞ்சு வேணும். இந்த ஆறும் போனா பதினாலு.

மாஸ்டர்: ஒண்ணுல போகுதா... ஒரே ஒரு வார்த்தையிலயா?

டீச்சர்: தேறாததோட போகல. சுவரைப் பாத்து எழுதினதுக்கு இதைவிடச் சாட்சி வேணாம். காப்பின்னு ஆச்சுன்னா ரெண்டு வருஷம் பரீட்சைப் பக்கமே வர முடியாது. எந்தச் சாட்சி மத்த பதினொரு பேரைக் காப்பாத்துதோ, அதே சாட்சி இந்த ஒருத்தரைப் பிடிச்சுக் குடுக்குது. நான் இப்ப அறிக்கையை நீட்டினா அதுதான் நடக்கும்.

மாஸ்டர்: வேணாம் டீச்சர். நீட்டாதீங்க. பாவம்... தெரியாதவங்க, கண் முன்னாடி இருந்துச்சு, பாத்து எழுதிட்டாங்க. நான் தாளை எடுக்கலைன்னா எழுதியிருப்பாங்களா? எம்மேல போடுங்க.

டீச்சர்: தெரியாதவங்கன்னு யார் சொன்னது?

மாஸ்டர்: தெரிஞ்சிருந்தா ஏன் சுவரைப் பாக்கணும்?

டீச்சர்: நகலை நீங்களே பாருங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. ஆறு இடத்துலயும் மேல ஒரு வரி அடிச்சிருக்கா?

மாஸ்டர்: அடிச்சிருக்கு.

டீச்சர்: அடிச்ச வரியைப் படிங்க.

மாஸ்டர்: எனக்கு இந்த இங்கிலீஷ்...

டீச்சர்: நான் படிக்கறேன். எவிடன்ஸ். ஒண்ணு உண்மைன்னு காட்டறதுக்கு நம்ம கையில இருக்கறது. சரியான அர்த்தம், சொந்த வார்த்தை. அடிச்சிருக்கு. அதுக்குக் கீழ சுவத்துப் பொய். அடுத்து பிரெடிக்ட்... சரி, அடிச்சிருக்கு. கம்பேர்... சரி, அடிச்சிருக்கு. ஆறும் சரி மாஸ்டர். ஆறையும் அடிச்சுட்டு ஆறு தப்பு எழுதியிருக்காங்க. அடிக்காம விட்டிருந்தா இருபதுக்கு இருபது. பன்னண்டு பேர்ல முழு மார்க் இந்த ஒரு தாளுக்குத்தான்.

மாஸ்டர்: இருபதுக்கு இருபதா?

டீச்சர்: பத்து வருஷமா இந்தப் பரீட்சைக்கு அனுப்பறேன். என் வகுப்புல இதுதான் முதல் தடவை.

மாஸ்டர்: தண்ணி இருக்கா டீச்சர்?

டீச்சர்: பக்கத்துலதான் இருக்கு, குடிங்க. நிதானமா.

மாஸ்டர்: அவங்களுக்கு... தெரிஞ்சிருக்கு.

டீச்சர்: தெரிஞ்சிருக்கு. அதுமட்டும் இல்ல. சுவர் பொய்னும் தெரியும். புதுசா எதை மாத்தினேன்னு இந்தப் பத்து வாரத்துல ஏழு வாரம் முதல்ல கண்டுபிடிச்சது அவங்கதான். உள்ள வந்து பையைக் கீழ வைக்கறதுக்கு முன்னாடியே விரல் நீட்டிடுவாங்க. சட்டையில விட்டுப்போன தையலைத் தேடற கண்ணு. அந்தக் கண்ணு இன்னைக்கு எப்படி ஏமாந்துச்சு? அதான் எனக்குப் புரியல... புரியலன்னு சொன்னா பொய்.

மாஸ்டர்: யார் தாள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நம்பர்தானே இருக்கு.

டீச்சர்: பத்து வாரம் திருத்தின கையெழுத்து தெரியாதா? அந்தக் கோடுகளைப் பாருங்க. எல்லாரும் கையாலதான் அடிப்பாங்க, கோணலும் மாணலுமா. மத்த பதினொரு தாள்லயும் அப்படித்தான் இருக்கு. இது ஸ்கேல் வச்சு அடிச்சது. வார்த்தைப் பரீட்சைக்கு ஸ்கேல் கொண்டு வரக் கூடாது. அந்த அறையில இருந்தது ஒரே ஒரு ஸ்கேல்.

மாஸ்டர்: கோணலா அடிச்சா அசிங்கமா இருக்கும்னு...

டீச்சர்: சொல்லுங்க.

மாஸ்டர்: ஒண்ணுமில்ல.

டீச்சர்: மேற்பார்வைக்கு முன்னாடி ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டீங்களே. "இந்த அறையில் தேர்வு எழுதுபவர்களில் எனக்கு உறவினர் யாரும் இல்லை."

மாஸ்டர்: டீச்சர்...

டீச்சர்: நீங்க மத்தியானம் சாப்பாடு கொண்டு வர்ற பை, நீலக் கோடு போட்ட துணி. உள்ளே மடிச்சு ரெண்டு வரித் தையல். அவங்க சாயங்காலம் வகுப்புக்குக் கொண்டு வர்றதும் அதே துணி, அதே ரெண்டு வரி. ரெண்டாவது வாரமே தெரியும் எனக்கு. மாஸ்டர் வீட்டம்மான்னு அவங்க ஒரு நாளும் சொல்லிக்கல. நானும் கேக்கல. சொல்லாம இருக்கறதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.

மாஸ்டர்: அவதான் சொல்ல வேணாம்னா. மாஸ்டர் பொண்டாட்டின்னா யாராவது சலுகை குடுத்துடுவாங்களாம்.

டீச்சர்: குடுத்தது யாருன்னு பாருங்க.

மாஸ்டர்: அவ தோத்துடுவான்னு பயம் டீச்சர். பத்து வாரமா அந்த அட்டைகளை அடுப்படியில, குழாயடியில, கண்ணாடி ஓரத்துலன்னு ஒட்டி வச்சிருக்கா. நான் கேலி பண்ணுவேன். "உப்பு டப்பாவுக்கு இங்கிலீஷ் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது"ம்பேன். அவ சிரிச்சுட்டுப் போயிடுவா. ஆனா தோத்துட்டு வந்து உக்காந்தா... அந்த மூஞ்சியைப் பாக்க என்னால முடியாது. அதுக்காகத்தான் எடுத்தேன். சத்தியமா அதுக்காகத்தான்.

டீச்சர்: நம்பறேன்.

மாஸ்டர்: தாளை எடுத்தேன், அவ நிமிரவே இல்ல. சரி, பாக்கலை போலன்னு கடைசி மேசைக்குப் போனேன். எட்டிப் பாத்தா இவ எழுதினது ஒண்ணு, சுவத்துல இருக்கறது ஒண்ணு. எனக்கு இங்கிலீஷ் தெரியாட்டியும் ரெண்டு வரி ஒண்ணா இல்லையான்னு பாக்கத் தெரியும் இல்ல... அளவு பொருந்தல. போச்சுடா, ஆறு தப்புன்னு நினைச்சேன்.

டீச்சர்: சுவர் தப்பா இருக்கும்னு தோணல.

மாஸ்டர்: சுவத்துல எப்படி டீச்சர் தப்பு இருக்கும்?

டீச்சர்: அவங்க தப்பா இருப்பாங்கன்னு மட்டும் தோணுச்சு. அஸம்ப்ஷன்னா ஆதாரம் இல்லாமலே ஒண்ணை உண்மைன்னு எடுத்துக்கறது. அந்த வார்த்தைக்கு அவங்க எழுதின வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லவா? அதுவும் அடிச்சதுலதான் இருக்கு. வேணாம்னா விட்டுடறேன்.

மாஸ்டர்: சொல்லுங்க.

டீச்சர்: "எங்கள் வீட்டில் ஒருவர் நான் தேற மாட்டேன் என்று நினைக்கிறார். அவரிடம் எவிடன்ஸ் இல்லை. அதனால் அது அஸம்ப்ஷன்." ரெண்டு வார்த்தையையும் ஒரே இடத்துல சரியா உக்கார வச்சிருக்காங்க. இந்த மாதிரி எழுத எனக்கே யோசிக்கணும்.

மாஸ்டர்: இந்த வரியையா நான்...

டீச்சர்: இந்த வரியைத்தான்.

மாஸ்டர்: அதுக்குத்தான் போன் எடுக்க மாட்டேங்கறா. வெளிய வந்ததும் நான் கேட்டேன், "எப்படி, தப்பிச்சியா"ன்னு. என்னை ஒரு பார்வை பாத்தா. அழல, திட்டல. பஸ் ஸ்டாப்பைப் பாத்து நடந்துட்டா.

டீச்சர்: மாஸ்டர், மணி மூணே முக்கால். விதிப் புத்தகத்துல ஒரு வரி இருக்கு. தேர்வறையில மேற்பார்வையாளர் சொல்றதுக்குக் கட்டுப்படறது எழுதறவங்க கடமை. அவர் சொல்லி பதிலை மாத்தினா அது காப்பி ஆகாது. முதல்ல எழுதின பதிலைத்தான் எடுத்துக்கணும்.

மாஸ்டர்: அப்ப இருபதுக்கு இருபது?

டீச்சர்: இருபதுக்கு இருபது. மத்த பதினொரு பேரோட தாளும் தப்பிக்கும்.

மாஸ்டர்: மேற்பார்வையாளர்?

டீச்சர்: விசாரணை. பொய்க் கையெழுத்துக்குத் தனியா ஒண்ணு. அடுத்த மாசம் உங்களுக்கு வரவேண்டிய துறைத்தலைவர் நாற்காலி வராது. நான் சுவரைத் திருத்தாம விட்டதுக்கு எனக்கும் ஒரு கடிதம் வரும், அதை நான் வாங்கிக்கறேன். நான் உங்களை எதுவும் சொல்லச் சொல்லல. நீங்க சொல்லலைன்னா, அவங்களே சுவரைப் பாத்து எழுதினாங்கன்னுதான் கணக்காகும். ஸ்கேல் கிடந்தது சாட்சி ஆகாது, எங்கயோ வச்சுட்டேன்னு நீங்க சொல்லிடலாம்.

மாஸ்டர்: அவளைக் கேட்டா?

டீச்சர்: காலைலயே வாரியத்து ஆள் அந்தக் கோடுகளைப் பாத்துட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப் போய்க் கேட்டுட்டார். "நானாத்தான் அடிச்சேன்"னு சொல்லிட்டாங்களாம்.

மாஸ்டர்: அவளா... அப்படிச் சொன்னா?

டீச்சர்: அப்படித்தான் சொன்னாங்க. உங்க பேரை எடுக்கல. அறிக்கை முழுக்க எழுதிட்டேன் மாஸ்டர். நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். ஒரு இடம் மட்டும் காலியா இருக்கு. "மேற்பார்வையாளர் தேர்வரிடம் கூறியது." அதை நீங்க சொன்ன வார்த்தையிலேயே போடணும். என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?

மாஸ்டர்: எழுதிக்கோங்க... "உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும், சுவத்துல இருக்கறதை எழுது"ன்னேன். இல்லன்னு தலையாட்டினா. திரும்பச் சொன்னேன், திரும்ப ஆட்டினா. மூணாவது தடவை ஸ்கேலை அவ கையில திணிச்சு, "வீட்டுல மாதிரி இங்கயும் எதுத்து நிக்காத, நேரா கோடு போட்டு அடி"ன்னேன்... பேனாவை எடுத்தா. கோடு கோணிடுமேன்னு ஸ்கேலை நான்தான் பிடிச்சுக்கிட்டேன்.